ராத்தாவின் சஹனில் ஓர் இடம்

காத்தான்குடி
19.10.2024

அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா,

எனக்குப் பித்தப்பையில் கல் இருக்கவில்லை. பெப்ரவரியில் கொழும்புக்குப் போய் நான் செய்துகொண்டது வேறு ஒப்பரேசன். என் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். நான் கேட்டுத்தான் வெட்டினார்கள். சுகம் விசாரித்து, மழை விசாரித்து, மெல்ல மெல்ல விசயத்துக்கு வந்தால் நீங்கள் பாதியில் கிழித்துவிடுவீர்கள் என்று தெரியும். அதனால் வெட்கங்கெட்டதை முதலில் எழுதிவிட்டேன்.

கடிதம் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஸாஜிதின் கலியாணத்தில் அத்தனை பொம்பிளைகளுக்கு முன்னால், "வல்லாஹி, இனி இவளோட நான் வாய் திறக்க மாட்டன்" என்று சத்தியம் செய்தீர்கள். சத்தியம் வாயைப் பற்றித்தான். எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வட்சப்பில் என்னைத் தடுத்து வைத்திருப்பதால் தாளில் எழுதி முனாப் மச்சானிடம் கொடுத்துவிடுகிறேன். செவ்வாய்க்கிழமைகளில் கடைக்குச் சாமான் எடுக்க அவர் இந்தப் பக்கம் வருகிறார்தானே. என்னைக் கண்டால் அவரும் பேசுவதில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறார். சத்தியம் புருசனுக்கும் சேர்த்தா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

அன்று நடந்ததை என் பக்கத்தில் இருந்து ஒருமுறை கேளுங்கள். சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். நடுவில் ஆறு பேரும் கை வைக்கும் அந்த ஒரே பெரிய தாம்பாளம் நிறையப் புரியாணி. நீங்கள் கோழித் தொடையைப் பிய்த்து உங்கள் கையாலேயே என் பக்கம் தள்ளி, "தின்னுகா, பாதியாப் போயிட்டாய்" என்றீர்கள். மூன்று பிடி தின்றேன். நாலாவது பிடி நெஞ்சுக்குள் நின்றுவிட்டது. எனக்கு மிச்சம் விட்டிருக்கும் இரைப்பை ஒரு வாழைப்பழத்தின் அளவு. நிரம்பினால் மேலே வருமே தவிரக் கீழே இறங்காது. எழும்பி ஓடினேன். மற்றவர்கள் முடிக்க முதல் ஒருவர் எழும்பினால் மிச்சப் பேரும் கையை எடுத்துவிடுவார்கள். அப்படியே எடுத்தார்களாம். எடுத்துவிட்டு உங்கள் விரல்களில் இருக்கும் வெள்ளைத் திட்டுகளைப் பார்த்தார்களாம். அகீலா மதினி, மாப்பிள்ளையைப் பெற்றவர் என்ற பொறுப்போடு, "அவளுக்கு அருவருப்பாக்கும்" என்று எல்லோருக்கும் விளங்கப்படுத்தியும் இருக்கிறார்.

அருவருப்பில்லை ராத்தா. வயிறு.

வருகிற பெப்ரவரியில் உங்கள் மகள் நிஸ்றாவுக்குக் கலியாணம். நான் அவளுக்கு ஒரே சாச்சி. என்னைக் கூப்பிடுங்கள். உங்கள் சஹனில் இருத்துங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் தங்கச்சி
நஸீறா

பி.கு.: 124 கிலோவில் இருந்து 86க்கு வந்திருக்கிறேன். கோபத்தில் இருக்கும்போது இதைச் சொல்வது பெருமை போலத் தெரியும். பெருமைதான்.


ஓட்டமாவடி
29.10.2024

நஸீறா,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதத்தை உன் மச்சான் ஒரு கிழமை சட்டைப் பைக்குள் வைத்து மறந்துவிட்டார். சட்டையை ஊறப்போட்ட பிறகுதான் கண்டெடுத்தேன். வாசிக்கக் கூடியதை வாசித்தேன்.

பித்தப்பைக் கல் என்று நீ சொன்னபோது உனக்காக மூன்று நோன்பு பிடித்தேன். பார்க்க வந்தபோது கடலை அளவில் ஏழு கல்லைப் போத்தலில் போட்டுக் காட்டினாய். நான் அதைக் கையில் எடுத்து, அல்லாஹ்வே, இவ்வளவையும் எப்படித் தாங்கினாய் என்று கேட்டேன். நீ கண்ணை மூடித் தலையை ஆட்டினாய். அந்தப் போத்தலில் இருந்தது என்ன என்று எழுது.

இப்போது வயிறு என்கிறாய். அடுத்த கடிதத்தில் ஈரல் வருமோ தெரியாது. ஆஸ்பத்திரிக் கடதாசி இருந்தால் அனுப்பு.

சத்தியத்தில் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் உனக்குக் கணக்கும் வரவில்லை, சமயமும் வரவில்லை. இது மட்டும் வந்தது.

அந்தக் கலியாணத்துக்குப் பிறகு இரண்டு விருந்துக்குப் போனேன். இரண்டிலும் எனக்குத் தனிப் பீங்கானில் சோறு போட்டுத் தந்தார்கள். மரியாதையாகத்தான் தந்தார்கள். எட்டு வருடமாக எந்த வீட்டிலும் அப்படித் தந்ததில்லை.

நிஸ்றாவின் கலியாணத்துக்குக் கூப்பிடுவது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அம்னா


காத்தான்குடி
12.11.2024

அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா,

கடதாசி உள்ளே இருக்கிறது, சீலோடும் கையெழுத்தோடும். என் நிறை எழுதியிருக்கும் இடத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது. போத்தலில் இருந்தது எங்கள் மீன் தொட்டிக் கல். கழுவித்தான் போட்டேன்.

ஏன் மறைத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நான் ஊருக்குக் கலியாணக் கேக் செய்து கொடுக்கிறவள். கேக்காரி வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்றால் அந்தக் கேக்கை ஆர் வாங்குவார்? அது சொல்லக்கூடிய காரணம். சொல்ல முடியாத காரணமும் ஒன்று உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஏறாவூர் டீச்சர் ஒருவர் இதே ஒப்பரேசன் செய்தபோது, வாயைக் கட்ட ஏலாமல் வயிற்றைக் கட்டிக்கொண்டா என்று சொல்லித் திரிந்தது நான்தான். அந்த வசனம் நன்றாக எடுபட்டது. வேறு ஆட்கள் அதை எனக்கே திருப்பிச் சொன்னார்கள்.

வெட்டின பிறகு முதல் இரண்டு கிழமை தண்ணிப் பதத்தில்தான் எல்லாம். வடித்த கஞ்சியை மருந்துக் கோப்பையால் அளந்து குடித்தேன். ஐந்தாம் கிழமை ஒரு அவித்த முட்டை. அதைத் தின்று முடிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது. முந்தி நான் முக்கால் மணித்தியாலத்தில் இரண்டு கலியாண வீடு பார்த்துவிட்டு வருவேன். பழக்க தோசத்தில் ஒரு நாள் ஐசிங்கை விரலால் தொட்டு நக்கினேன். வியர்த்து, நெஞ்சு படபடத்து, குசினி நிலத்தில் அரை மணித்தியாலம் படுத்திருந்தேன். ஃபிரிட்ஜுக்கு அடியில் என்னென்ன கிடக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. இப்போது ஐசிங்கை மகள் றிஸ்னா நக்கிப் பார்த்துப் பதம் சொல்கிறாள். அவளுக்கு நிறை கூடிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் மாதம் முடி கொட்டத் தொடங்கியது. கையைத் தூக்கினால் தோல் பின்னால் வருகிறது. மோதிரம் மாவுக்குள் விழுந்து, ஒரு கலியாணக் கேக்கை முழுக்கக் கிளறவேண்டி வந்தது. வீட்டுக்காரர் ஹில்மி ஒரு நாள் பத்திரிகையில் இருந்து தலையை எடுத்து, "வீட்டுக்குள்ள ஆரோ புதுப் பொம்பிள நடக்கிற மாதிரி இருக்கு" என்றார். சந்தோசத்தில் சொன்னாரா பயத்தில் சொன்னாரா என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஆறு வருடம் கதிரையில் இருந்துதான் தொழுதேன். ஜூலையில் ஒரு நாள் சுஜூதில் நெற்றி நிலத்தில் பட்டது. அப்போது அழுதேன் என்று எழுதினால் வடிவாக இருக்கும். எழும்புவது எப்படி என்று மறந்துபோய் அங்கேயே யோசித்துக்கொண்டிருந்தேன், அதுதான் நடந்தது.

ஊர் சும்மா இருக்குமா. சீனி வருத்தம் என்றார்கள். ஹில்மி இரண்டாம் கலியாணம் முடித்துவிட்டார், அந்தக் கவலையில் உருகுகிறாள் என்றார்கள். இரண்டாவதுக்கு ஊரும் பெயரும்கூட வைத்துவிட்டார்கள். அதை நிற்பாட்டத்தான், வெறும் வயிற்றில் கருஞ்சீரகமும் தேனும், பிறகு ஆற்றங்கரை வீதியில் நடை, அவ்வளவுதான் என்று அவிழ்த்துவிட்டேன். ஒரு கிழமையில் அசனார் காக்காவின் கடையில் கருஞ்சீரகம் முடிந்துவிட்டது. இப்போது பின்னேரத்தில் ஆற்றங்கரையில் நடக்க இடமில்லை.

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நிஸ்றாவின் கலியாணத்துக்கு வரலாமா?

நஸீறா


ஓட்டமாவடி
30.11.2024

நஸீறா,

வெள்ளத்துக்கு ரோட்டை மூடியதால் உன் கடிதம் பிந்தித்தான் வந்தது. கடதாசியை நிஸ்றா வாசித்து விளங்கப்படுத்தினாள். ஒப்பரேசன் மெய். அதை ஒத்துக்கொள்கிறேன்.

மீன் தொட்டிக் கல்லை ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன்னால் கையேந்தி துஆக் கேட்டவள் நான்.

கருஞ்சீரகம் நானும் இரண்டு மாதம் குடித்தேன். உன்னோடு பேசாமல் இருந்த இந்தக் காலத்தில்தான். உன் வாயால் வந்தது என்று தெரிந்தும் குடித்தேன். அரைக் கிலோ கூடியிருக்கிறது. தேனாக இருக்கும்.

ஒன்று கேட்கிறேன். ஸாஜிதின் கலியாணத்தில் எழும்ப முதல் நீ என் கையைப் பார்த்தாய். சோற்றைப் பார்க்கவில்லை, கோழியைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தாய், பார்த்த கையோடு எழும்பினாய். நான் உன் முகத்துக்கு நேரே இருந்தேன், எனக்குக் கண் நன்றாகத் தெரியும். வயிற்றை வெட்டினால் கண் ஏன் அங்கே போகவேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கடதாசியில் எழுதியில்லை.

இதற்குப் பகிடி விடாமல் பதில் எழுது. பகிடி வந்தால் இதோடு முடிந்தது.

அம்னா


காத்தான்குடி
14.12.2024

ராத்தா,

நாலு தாள் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

ஓம், பார்த்தேன். நீங்கள் இரண்டாவது துண்டையும் பிய்க்கத் தொடங்கியிருந்தீர்கள். அதுவும் என் பக்கம் வரப்போகிறதே என்ற பயத்தில் பார்த்தேன். அன்று அவ்வளவுதான். நீங்கள் இதை நம்பாவிட்டால் அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை நான்தான் எழுதவேண்டும்.

எட்டு வருடத்துக்கு முன் உங்கள் வீட்டில், நிஸ்றா குர்ஆன் ஓதி முடித்ததற்கு விருந்து. உங்கள் விரலில் வெள்ளை விழுந்து அப்போது இரண்டு மாதம். தொற்றாது என்று டொக்டர் சொன்னதை வந்த ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சஹனில் உங்கள் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தீர்கள். நான் முழங்கால் மடிக்க ஏலாது என்று சொல்லிக் கதிரை கேட்டேன். எனக்குத் தனிப் பீங்கானில் சோறு தந்தீர்கள். அன்று என் முழங்காலில் ஒன்றுமே இல்லை. உங்கள் கைக்குப் பயந்துதான் கதிரை கேட்டேன்.

அந்தப் பொய்யைக் காப்பாற்ற அதற்குப் பிறகு எல்லா விருந்திலும் கதிரை கேட்கவேண்டி வந்தது. கதிரையில் இருப்பவளுக்குத் தனிப் பீங்கான். சஹனில் என்றால் பக்கத்தில் இருப்பவருக்கு விட்டுக்கொடுத்துத் தின்னவேண்டும். தனிப் பீங்கானில் எத்தனை முறை போடுகிறார்கள் என்று ஆரும் பார்ப்பதில்லை. இரண்டு வருடத்தில் நிறை ஏறி, முழங்கால் உண்மையாகவே மடங்காமல் போனது. இது எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டார். எனக்குத் திகதியே தெரியும். ஞாபகமில்லை என்று சொன்னேன்.

ஆக, நீங்கள் என் மீது போட்ட குற்றம் சரி. திகதிதான் பிழை.

ஸாஜிதின் கலியாணத்திலும் வழமைபோல் எனக்குக் கதிரை கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்களைத் தேடிவந்து கீழே இருந்தேன். அதை நீங்கள் கவனித்தீர்களோ தெரியாது. எட்டு வருடத்துக்குப் பிறகு நான் இருந்த முதல் சஹன் அது. கீழே இருக்க முழங்கால் கிடைத்தது, தின்ன வயிறு இருக்கவில்லை.

அவ்வளவுதான். பகிடி இல்லாமல் எழுதினால் கடிதம் இவ்வளவு கட்டையாகத்தான் வருகிறது.

நஸீறா


ஓட்டமாவடி
05.01.2025

நஸீறா,

தெரியும்.

அன்று பின்னேரம் நீ பஸ்ஸுக்கு ஓடியதை மேல்மாடி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் மடிக்க ஏலாதவள் அப்படி ஓடமாட்டாள். பஸ்காரனே பயந்துபோய் நிற்பாட்டினான். நீயாகச் சொல்லுவாய் என்று இருந்தேன். ஒரு பெருநாள், இரண்டு பெருநாள் என்று பார்த்தேன், மறுகா பார்ப்பதையும் விட்டுவிட்டேன். ஆனால் ஸாஜிதின் கலியாணத்தில் நீ எழும்பியதும் வேறு காரணம் ஒன்றும் தேடவில்லை. காரணம் என்னிடம் எட்டு வருடமாகத் தயாராக இருந்தது.

உன் கடிதத்தை மூன்று நாள் எடுத்தெடுத்து வாசித்தேன். சரியான கோபம் வரும் என்று நினைத்தேன். கொஞ்சம் வந்தது. அதற்குள் நிஸ்றாவின் உடுப்புத் தைக்கிறவள் அளவெடுக்க வந்துவிட்டாள்.

கலியாணம் பெப்ரவரி ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. வா. மாப்பிள்ளை வீட்டார் தரும் வலீமா விருந்தில் பெண் வீட்டாருக்குத்தான் முதல் சஹன். அதில் என் வலப்பக்கத்தில் இரு. அரைப் பிடி தின், கால் பிடி தின், அது உன் வயிறு. எல்லோரும் கை கழுவும்வரை எழும்பக்கூடாது. நீ என் பக்கத்தில் கடைசிவரை இருந்தாய் என்று ஊர் பார்க்கவேண்டும். தனிப் பீங்கானில் தின்று எனக்கு அலுத்துவிட்டது.

இனிப் பகிடி விடலாம். அளவாக.

அம்னா


காத்தான்குடி
21.01.2025

அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா,

பயிற்சி தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நாள் பகலும் பெரிய தாம்பாளத்தில் சோறு கொட்டி, ஹில்மி, றிஸ்னா, நான் மூன்று பேரும் சுற்றி இருக்கிறோம். ஹில்மி போனில் நேரம் பார்க்கிறார். சாதாரண வலீமாச் சஹன் இருபத்தைந்து நிமிடம் போகும் என்பது அவருடைய கணிப்பு. அகீலா மதினி இருந்தால் நாற்பது.

முறை இப்படி. ஐந்து பருக்கை எடுக்கவேண்டும். கை நிறைய எடுத்தவள் போல விரலைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோகவேண்டும். முப்பது தரம் மெல்லவேண்டும். மெல்லும் நேரத்தில் கை சும்மா இருந்தால் பிடிபட்டுவிடுவேன், அதனால் என் பக்கத்துச் சோற்றை வழித்துப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளவேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது பாசம் போலத் தெரியும். முதல் நாள் ஒன்பதாம் நிமிடத்தில் அடைத்துக்கொண்டது. நாலாம் நாள் இருபது நிமிடம் இருந்தேன், கால் மரத்துப்போய் றிஸ்னா இழுத்து எழுப்பினாள். நேற்று நாற்பத்திரண்டு நிமிடம். தின்றது பதினொரு வாய். என் பங்கையும் ஹில்மிதான் தின்கிறார், அவருக்குக் காற்சட்டை இறுகத் தொடங்கிவிட்டது. கலியாணம் எப்போது முடியும் என்று கேட்கிறார்.

இரண்டு வேண்டுகோள். அகீலா மதினியை எனக்கு நேரே இருத்துங்கள், வளைந்து பார்க்காமல் வசதியாகப் பார்க்கட்டும். மற்றது, நீங்கள் முந்திப்போல உங்கள் கையால் எனக்கு ஒரு துண்டு வைக்கவேண்டும். சின்னதாக. ஈரல் என்றால் மெல்ல இலேசு. எல்லோரும் பார்க்கும்படி மெதுவாக வையுங்கள், எல்லோரும் பார்க்கும்படி நான் தின்பேன்.

ஊருக்கும் உண்மையைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். முதலில் அசனார் காக்காவிடம் போய், கருஞ்சீரகத்தில் ஒன்றுமில்லை, வயிற்றை வெட்டித்தான் மெலிந்தேன் என்றேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, புதிதாக இரண்டு மூடை இறக்கியிருப்பதாகவும், அது போகும்வரை பொறுக்கும்படியும் கேட்டுக்கொண்டார். அதனால் மற்றவர்களுக்குச் சொல்வது பெருநாள்வரை தள்ளிப்போயிருக்கிறது.

ஏறாவூர் டீச்சருக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். மறுகா, "அந்தக் கதய நீங்களா சொன்ன? நல்லாத்தான் இருந்த" என்றார். பிறகு ஒரு மணித்தியாலம் முடி கொட்டுவதைப் பற்றிக் கதைத்தோம்.

இன்று காலை 79 கிலோ.

நஸீறா


ஓட்டமாவடி
04.02.2025

நஸீறா,

சத்தியத்தை முறிப்பதென்றால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும். போன வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டேன். ஐந்து ஐந்து பேராக இரண்டு சஹன் வைத்து, நானே கையால் பகிர்ந்தேன். இரண்டாவது சஹனில் இருந்த ஒரு மனிசி ஒதுங்கி இடம் விட்டு, "நீங்களும் இரிங்களன் ராத்தா" என்றாள். இருந்தேன். அவள் நல்ல தீனிக்காரி. முடியும்வரை என் கையை ஆரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஆகவே இனி உன்னோடு பேசலாம். வட்சப்பையும் நிஸ்றா திறந்து தந்துவிட்டாள். ஆனால் இப்போதே போன் எடுக்காதே, வீடு முழுக்க வேலை. எட்டு வருடத்துக் கதையைக் கலியாண வீட்டுக்கு நடுவில் கதைக்க ஏலாது. சனிக்கிழமை பின்னேரமே வந்துவிடு. ஐசிங்கை நக்காமல் கேக்கையும் கொண்டுவா.

நீ கேட்டபடி அகீலா மதினியை நேரே இருத்தவும், எங்கள் சஹனில் ஈரல் கூடுதலாக வைக்கவும் சொல்லிவிட்டு வரும்படி உன் மச்சானை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினேன். நேற்றுப் போய்வந்தார். அந்த மண்டபத்தில் ஆட்களைக் கீழே இருத்த வசதியில்லையாம், சஹன் வைக்கவில்லையாம். ஆளுக்கொரு பெட்டிச் சோறு, பிளாஸ்டிக் கரண்டியோடு.

உன் ராத்தா